மீன்தொட்டி வெப்பமானி: வரலாறும் துல்லியமும்

மீன்தொட்டி வெப்பமானி என்பது வீடுகளில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் நீர் வெப்பநிலையை அளக்கும் கருவியாகும். தொட்டிக்காக வாங்கும் பொருள்களுள் மிக மலிவானவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் ஒரே கடையில் வாங்கிய இரண்டு வெப்பமானிகளை ஒரே தொட்டியில் இட்டால், அவை ஒன்றுக்கொன்று ஒரு டிகிரியோ இரண்டு டிகிரியோ வேறுபட்டுக் காட்டுவதுண்டு. இரண்டில் எது சரி என்னும் கேள்வி புதியதன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அறிவியலாளர்களும் இதே கேள்வியோடு போராடினர். இயற்கையில் மாறாமல் நிற்கும் ஒரு வெப்பநிலையோடு கருவியை ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர்கள் கண்ட விடை. அந்த முறையை இன்றும் வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்க்கலாம்.

மீனும் வெப்பநிலையும்

பெரும்பாலான மீன்கள் குளிர் இரத்தப் பிராணிகள். சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையே அவற்றின் உடல் வெப்பநிலை. நீர் சூடானால் மீனின் உடலில் நடக்கும் வேதிச் செயல்கள் விரைவடைகின்றன. மீன் அதிகமாக மூச்சு வாங்குகிறது. ஆனால் நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனின் அளவு குறைகிறது. 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே கரையும். தேவை கூடும்போது வரவு குறைகிறது. கோடையில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நச்சுத்தன்மையும் வெப்பநிலையோடு கூடுகிறது. குளிர்ந்த நீர் வேறு வகைத் துன்பத்தைத் தரும். வெப்பமண்டல மீன்கள் குளிரில் சோர்ந்து, உணவை மறுத்து, நோய்க்கு எளிதில் ஆட்படும்.

எல்லா மீனுக்கும் ஒரே வெப்பநிலை பொருந்துவதில்லை. தங்கமீனுக்குச் சுமார் 18 முதல் 22 டிகிரி வரை ஏற்றது. கப்பி, டெட்ரா போன்ற பல வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 26 டிகிரி வரை பொதுவாகச் சொல்லப்படும் அளவு. டிஸ்கஸ் மீன் 28 முதல் 30 டிகிரி வரை விரும்பும். ஏற்ற எல்லை இவ்வாறு இரண்டு, மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடுவதால், இரண்டு டிகிரி பிழையுள்ள வெப்பமானி அந்த எல்லையையே விழுங்கிவிடும்.

அளவில்லாத கருவிகள்

வெப்பத்தைக் கண்ணால் காணும்படி செய்த முதற்கருவிகள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இத்தாலியில் தோன்றின. கலிலியோ கலிலியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கருவி, ஒரு கண்ணாடிக் குமிழும் அதனோடு சேர்ந்த மெல்லிய குழாயும் கொண்டது. குமிழில் உள்ள காற்று விரிந்தால் குழாயில் உள்ள நீர் இறங்கும். காற்று சுருங்கினால் நீர் ஏறும். மருத்துவரான சான்டோரியோ இதில் அளவுக்கோடுகளைச் சேர்த்து நோயாளிகளிடம் பயன்படுத்தினார். ஆனால் குழாயின் ஒரு முனை திறந்திருந்ததால் வளிமண்டல அழுத்தம் மாறும்போதும் நீர்மட்டம் மாறியது. வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் அக்கருவியால் பிரித்தறிய முடியவில்லை.

1654ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரின் ஆட்சியாளர் இரண்டாம் பெர்டினான்டோவின் ஆதரவில், சாராயத்தை நிரப்பி முனையை மூடிய கண்ணாடி வெப்பமானிகள் செய்யப்பட்டன. காற்றழுத்தத்தின் தொல்லை இதனால் நீங்கியது. ஆயினும் அவற்றின் அளவுக்கோடுகள் எந்த நிலையான புள்ளியையும் சார்ந்தவை அல்ல. கண்ணாடி ஊதும் கலைஞரின் கைத்திறனை நம்பியே ஒரு கருவி மற்றொன்றோடு ஒத்துப்போனது. ஓர் ஊரில் எடுத்த அளவை வேறோர் ஊரில் வேறொருவர் செய்த கருவியோடு ஒப்பிட வழியில்லை.

இரண்டு வெப்பமானிகள் ஒத்துப்போன செய்தி

டான்சிக் நகரில் 1686இல் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் ஒரு கருவி வினைஞர். அவர் செய்த இரண்டு சாராய வெப்பமானிகள் ஹாலே நகரப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபின் கைக்குக் கிடைத்தன. இரண்டும் ஒரே அளவைக் காட்டியதைக் கண்டு வியந்த வோல்ஃப், அதை 1714இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார். இரண்டு வெப்பமானிகள் ஒத்துப்போவது அக்காலத்தில் இதழில் வெளியிடத்தக்க செய்தியாக இருந்தது.

ஃபாரன்ஹீட் பின்னர் பாதரசத்துக்கு மாறினார். 1724இல் வெளியிட்ட கட்டுரையில் தம் முறையை விளக்கினார். பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவையை 0 என்றும், பனிக்கட்டியும் நீரும் கலந்த நிலையை 32 என்றும், நலமாக உள்ள மனிதரின் உடல் வெப்பத்தை 96 என்றும் கொண்டார். கருவி எவர் கையில் செய்யப்பட்டாலும் இந்த நிலைகளோடு பொருத்தினால் அளவு ஒன்றாகவே வரும் என்பதே இதன் அடிப்படை.

சுவீடனின் உப்சாலா நகர வானியலாளர் ஆன்டர்ஸ் செல்சியஸ் 1742இல் இரண்டே புள்ளிகளை எடுத்துக்கொண்டார். ஒன்று பனி உருகும் நிலை. மற்றொன்று நீர் கொதிக்கும் நிலை. நீரின் கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறுவதையும், பனி உருகும் நிலை நடைமுறையில் மாறாமல் நிற்பதையும் அவர் சோதித்துக் காட்டினார். அவர் வகுத்த அளவுகோலில் கொதிநிலை 0 ஆகவும் உருகுநிலை 100 ஆகவும் இருந்தன. இன்று வழங்கும் வடிவில் அது தலைகீழாக மாற்றப்பட்டது அதன்பின் சில ஆண்டுகளுக்குள்தான். 'செல்சியஸ்' என்னும் பெயர் 1948இல் பன்னாட்டு அளவில் முறைப்படி ஏற்கப்பட்டது.

கொதிநிலைப் புள்ளி எளிதில் வசப்படவில்லை. எந்த அளவுக்குக் கொதித்தால் அது கொதிநிலை, வெப்பமானியின் குமிழை நீரில் வைப்பதா நீராவியில் வைப்பதா என்பன போன்ற கேள்விகளை ஆராய இலண்டன் இராயல் கழகம் 1776இல் ஹென்றி கேவன்டிஷ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குமிழை நீரில் அமிழ்த்தாமல் நீராவியில் வைப்பதே நிலையான அளவைத் தரும் என்று அக்குழு பரிந்துரைத்தது. உருகும் பனி இத்தனை தொல்லை தரவில்லை. வீட்டில் வெப்பமானியைச் சரிபார்க்கவும் பனிக்கட்டியே ஏற்றது என்பதற்கு இந்த வரலாறு சான்று.

கண்ணாடித் தொட்டியின் வருகை

கடல் உயிர்களை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர், சிசிலியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பெண் ஆய்வாளர் ஜான் வில்லப்ரூ-பவர். 1832இல் அவர் இப்பணியைத் தொடங்கினார். நீர்த்தாவரமும் மீனும் நத்தையும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழ முடியும் என்பதை இங்கிலாந்தின் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன் 1850இல் எடுத்துரைத்தார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதனோடு தொடர்புடைய பிலிப் ஹென்றி காஸ் 1854இல் 'தி அக்வேரியம்' என்னும் நூலை வெளியிட்டார். பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடி மலிவாகி, நடுத்தரக் குடும்பங்களிலும் மீன்தொட்டி இடம்பிடித்தது.

அக்காலத் தொட்டிகளில் உள்ளூர்க் குளிர்நீர் உயிர்களே பெரும்பாலும் வளர்ந்தன. எனவே அன்றைய சிக்கல் சூடேற்றுவது அன்று. கோடை வெயில் படும் சன்னலருகே நீர் சூடாகிவிடாமல் காப்பதுதான். 1871இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்டு லாய்டு, காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய நீர்த்தேக்கத்தை நிலத்தடியில் இருளில் அமைத்து, அந்நீரைத் தொடர்ந்து சுழலவிட்டார். நீர் தெளிவாக இருக்கவும் வெப்பநிலை பெரிதும் மாறாமல் இருக்கவும் இது உதவியது.

வெப்பநாட்டு மீன்களின் வரவு இந்த நிலையை மாற்றியது. 1869இல் பாரிசில் பியேர் கார்போனியே சீனாவிலிருந்து வந்த சொர்க்க மீனைப் பெற்று வளர்த்து இனப்பெருக்கம் செய்தார். அது ஓரளவு குளிரைத் தாங்கும் மீன். பின்னர் வந்த பல மீன்களுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. குளிர்நாட்டு வீடுகளில் தொட்டியின் அடிப்பகுதியைக் கற்பலகையாலோ உலோகத்தாலோ அமைத்து, அதன் கீழே எண்ணெய் விளக்கையோ எரிவாயுச் சுடரையோ வைத்துச் சூடேற்றினர். சுடரைக் கூட்டவும் குறைக்கவும் தொட்டியில் தொங்கிய வெப்பமானி ஒன்றே வழிகாட்டி. வெப்பமானி தவறினால் கையும் தவறும்.

இந்தியாவின் தொடக்ககாலப் பொது மீன்காட்சியகங்களுள் ஒன்று 1909இல் சென்னை மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. இன்று சென்னையின் கொளத்தூர் அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற பகுதியாக விளங்குகிறது.

சூடேற்றியும் அதன் ஆபத்தும்

20ஆம் நூற்றாண்டில் விளக்கின் இடத்தை மின்சூடேற்றி பிடித்தது. அதனோடு வெப்பநிலைக் கட்டுப்படுத்தியும் சேர்ந்தது. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு, சூட்டில் ஒரு பக்கமாக வளையும். அந்த வளைவு மின்தொடர்பைத் துண்டிக்கும். தகடு ஆறியதும் தொடர்பு மீளும். இத்தகைய கருவிக்கு ஆண்ட்ரூ யூர் 1830இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

பல ஆண்டுகள் திறந்து மூடும் மின்தொடர்பு முனைகள் சிலவேளை ஒட்டிக்கொள்ளும். அப்போது சூடேற்றி அணையாமல் எரியும். இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 2,10,000 ஜூல் ஆற்றல் தேவை. 100 வாட் சூடேற்றி நொடிக்கு 100 ஜூல் தருகிறது. வெளியேறும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 2,100 நொடிக்கு, அதாவது 35 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். நீர் சூடாகச் சூடாக வெப்ப இழப்பும் கூடுவதால் இந்த ஏற்றம் நாளடைவில் தளரும். ஆயினும் இரவு விளக்கணைத்துப் படுத்தவர் காலையில் எழும்போது தொட்டி உயிர் தாங்காத சூட்டை எட்டியிருக்கலாம். சூடேற்றியின் மேலுள்ள எண் நாம் கேட்ட வெப்பநிலை மட்டுமே. தொட்டியில் உண்மையில் உள்ள வெப்பநிலையைத் தனி வெப்பமானிதான் சொல்லும்.

வெப்பமானிக்கும் முதுமை உண்டு

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் தம் வெப்பமானி ஒன்றை உருகும் பனியில் வைத்து 1844 முதல் 1882 வரை, 38 ஆண்டுகள், அவ்வப்போது சோதித்து வந்தார். உருகுநிலையைக் காட்டும் புள்ளி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மேலேறிக்கொண்டே இருந்தது. உருக்கி வார்த்த கண்ணாடி பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சுருங்குவதே காரணம். இந்தக் குறையைப் போக்கும் புதிய கண்ணாடி வகைகளை 1880களில் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஓட்டோ ஷாட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினர். வாங்கியபோது சரியாக இருந்த வெப்பமானி என்றும் சரியாகவே இருக்கும் என்று கொள்ளக்கூடாது என்பதே ஜூலின் சோதனை தரும் பாடம்.

பாதரசம் விலகுதல்

நெடுங்காலம் வெப்பமானி என்றாலே பாதரசம்தான். மீன்தொட்டியில் அது உடைந்தால் பாதரசத் துளிகள் மணலுக்குள் புகுந்து தங்கிவிடும். பாதரச நஞ்சு மீன் வழியாக மனிதரை எட்டிய கொடுமை ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரிலேயே 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, பாதரச வெப்பமானிகள் உள்ளிட்ட பல பொருள்களின் உற்பத்தியை நிறுத்த 2020ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது. வீட்டுத் தொட்டியில் பழைய பாதரச வெப்பமானியைப் பயன்படுத்தக்கூடாது.

இன்று கிடைக்கும் வகைகள்

சாராயக் கண்ணாடி வெப்பமானி: சிவப்பு அல்லது நீலச் சாயமேற்றிய நீர்மம் கொண்டது. மின்கலம் தேவையில்லை. மலிவான வகைகளில் அளவுக்கோடுகள் உள்ளே செருகிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தத் தாள் சற்று நழுவினாலும் அளவு பிழையாகும். நீர்மக் கம்பம் இடையில் அறுந்து நிற்கிறதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஒட்டும் பட்டை: ஆஸ்திரிய தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் 1888இல் கண்டறிந்த விந்தைப் பொருள்களே இன்று திரவப் படிகங்கள் எனப்படுகின்றன. அவற்றுள் சில வெப்பநிலைக்கேற்ப நிறம் மாறும். இப்பட்டையைத் தொட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டுவதால் அது நீரை நேரடியாக அளப்பதில்லை. கண்ணாடியின் வெளிமுகத்தையே அளக்கிறது. குளிரூட்டிய அறையில் குறைத்தும், வெயில் படும் இடத்தில் கூட்டியும் காட்டும். போகிறபோக்கில் பார்த்துக்கொள்ள ஏற்றது, துல்லியத்துக்கு ஏற்றதன்று.

மின்னணு வெப்பமானி: நீரில் மூழ்கும் சிறு உணர்முனையில் தெர்மிஸ்டர் இருக்கும். சூடேறும்போது சில பொருள்களின் மின்தடை குறைவதை மைக்கேல் ஃபாரடே 1833இல் வெள்ளி சல்பைடில் கண்டார். அந்தப் பண்பே இதன் அடிப்படை. விரைவாகக் காட்டும், படிக்க எளிது. மின்கலம் தளர்ந்தாலோ, உணர்முனையின் உறைக்குள் நீர் புகுந்தாலோ பிழையான எண்ணைக் காட்டக்கூடும்.

நுட்பமும் துல்லியத்தன்மையும்

மின்னணுத் திரையில் 25.4 என்று தெரிந்தால், பத்தில் ஒரு டிகிரி வரை அது சரியாக இருக்கும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். எவ்வளவு சிறிய மாற்றத்தைக் கருவி காட்டுகிறது என்பது வேறு. காட்டும் எண் உண்மைக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பது வேறு. பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தில் நொடிமுள் இருப்பதால் நேரம் சரியாகிவிடாது. மலிவான மின்னணுக் கருவிகளின் உறையில் 'கூட்டல் கழித்தல் 1 டிகிரி' என்று அச்சிட்டிருப்பது வழக்கம். அப்படியானால் 25.4 என்பதன் பொருள் 24.4க்கும் 26.4க்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று என்பதே. வாங்கும்போது திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பதைவிட உறையில் அச்சிட்ட இந்தப் பிழை எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் சரிபார்க்கும் முறை

முதற்சோதனை பனிக்கட்டியைக் கொண்டு செய்வது. ஒரு குவளை நிறையப் பொடித்த பனிக்கட்டியை இட்டு, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். உப்புச் சேர்க்கக்கூடாது, உப்பு உருகுநிலையை இறக்கிவிடும். நன்கு கலக்கிச் சில நிமிடம் கழித்து, உணர்முனையோ குமிழோ குவளையின் நடுவில் இருக்கும்படி வைத்து அளவைப் பார்க்க வேண்டும். சரியான வெப்பமானி 0 டிகிரி காட்டும். 0 வரை அளவுக்கோடு இல்லாத கருவிகளுக்கும் ஒட்டும் பட்டைகளுக்கும் இம்முறை பயன்படாது.

0 டிகிரியில் சரியாக இருக்கும் கருவி 25 டிகிரியிலும் சரியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எனவே இரண்டாவது சோதனையும் தேவை. வீட்டிலுள்ள மின்னணு மருத்துவ வெப்பமானிகள் பெரும்பாலும் பத்தில் ஒரு டிகிரி அளவுக்குச் சரியாக இருக்கும்படி செய்யப்படுகின்றன. ஒரு பெரிய பாத்திரத்தில் 37 டிகிரி அளவில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, கலக்கிக்கொண்டே இரண்டு கருவிகளின் முனைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். பாத்திரம் பெரிதாக இருந்தால் நீர் விரைவில் ஆறாது.

எடுத்துக்காட்டாக, ஒரு மின்னணு வெப்பமானி பனிக்கட்டி நீரில் 1.2 டிகிரியும், மருத்துவ வெப்பமானி 37.0 காட்டும் நீரில் 38.1 டிகிரியும் காட்டுவதாகக் கொள்வோம். இரண்டு முனையிலும் அது ஏறத்தாழ ஒரே அளவு கூட்டிக் காட்டுகிறது. ஆகவே தொட்டியில் 26.5 என்று அது காட்டும்போது உண்மையான வெப்பநிலை சுமார் 25.3 டிகிரி எனக் கொள்ளலாம். பிழை அளவு தெரிந்துவிட்டால் மலிவான கருவியும் பயன்படும். அந்த அளவை ஒரு சிறு சீட்டில் எழுதித் தொட்டியின் ஓரத்தில் ஒட்டி வைப்பது நல்லது. இரண்டு முனைகளிலும் பிழை பெரிதும் வேறுபட்டாலோ, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவு வந்தாலோ அந்தக் கருவியை விட்டுவிட வேண்டும். இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது திரும்பச் செய்வது நல்லது.

தொட்டியில் வைக்கும் இடம்

சரியான வெப்பமானியும் தவறான இடத்தில் வைத்தால் தவறாகவே வழிகாட்டும். சூடேற்றிக்கு அருகில் வைத்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சூடேற்றிக்கு எதிர்ப்புறத்தில், நீர் ஓட்டம் உள்ள இடத்தில், வெயிலோ விளக்கோ நேராகப் படாதவாறு வைப்பதே முறை. நீரின் மேற்பரப்பில் மிதக்கும் வகை, அடியிலுள்ள குளிர்ந்த நீரைக் காட்டாது.

தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி சூடேற்றி தேவைப்படுவதில்லை. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களிலும், குளிரூட்டிய அறைகளிலும் தேவைப்படலாம். சமவெளியில் வெப்பமானியின் வேலை, கோடைப் பகலில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று எச்சரிப்பது. பிற்பகலிலும் விடியற்காலையிலும் இரு வேளை பார்த்துக் குறித்துவந்தால் தொட்டியின் ஏற்ற இறக்கம் தெரியவரும். பிற்பகலில் ஏறினால் தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மீது மின்விசிறிக் காற்று படச் செய்யலாம். நீர் ஆவியாவதால் வெப்பநிலை ஓரிரு டிகிரி இறங்கும். காற்றுக்குமிழிக் கருவியை ஓடவிட்டால் ஆக்சிஜன் குறைவும் ஈடுசெய்யப்படும். திடீரெனப் பனிக்கட்டியைக் கொட்டி நீரைக் குளிர்விப்பது மீனுக்கு அதிர்ச்சி தரும். பனிக்கட்டிக்கு உரிய இடம் வெப்பமானியைச் சோதிக்கும் குவளைதான், மீன்தொட்டி அன்று.